பெயின்டுக்கு அடியில் இருக்கும் எண்: பழைய பிரிட்டிஷ் ராணுவ வண்டியின் ஜாதகம் தேடுவது

பழைய பிரிட்டிஷ் ராணுவ வண்டி விற்பனைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும். நார்மண்டியில் இறங்கியது, பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோம்மலைத் துரத்தியது, ஜெனரல் ஒருவர் ஏறியது. இவற்றில் நிரூபிக்கக் கூடியவை மிகச் சொற்பம். போர்க்கால வண்டி எந்த ஒப்பந்தத்தில், ஏறக்குறைய எப்போது கட்டப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எந்த யூனிட் வைத்திருந்தது என்பது அபூர்வமாகத்தான் தெரியவரும். 1949-க்குப் பிறகும் சேவையில் இருந்த வண்டியின் கதை வேறு. கிடங்கு, யூனிட், கழித்துக்கட்டிய தேதி என்று ஒரே அட்டையில் முழு ஜாதகமும் கிடைக்க வாய்ப்புண்டு. எதுவானாலும் முதலில் வேண்டியது வண்டியின் ராணுவப் பதிவு எண். அது பெயின்டுக்கு அடியில் இருக்கிறது. அதனால்தான் வாங்கிய வாரமே பெயின்டை உரித்தெடுக்கும் மணல் வீச்சுக்கு அனுப்பாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

எண்களின் அமைப்பைத் தெரிந்துகொண்டு தேடினால் பாதி வேலை மிச்சம். இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணில் ஓர் எழுத்து முன்னால் வரும், பிறகு இலக்கங்கள். எல் என்றால் லாரி, இசட் என்றால் 15 ஹண்ட்ரட்வெயிட் (ஒன்று ஏறக்குறைய 50 கிலோ) சுமக்கும் ட்ரக் வகை, எம் என்றால் கார், ஜீப். சி மோட்டார் சைக்கிள், ஏ ஆம்புலன்ஸ், எச் பீரங்கி இழுக்கும் டிராக்டர், எஃப் கவச கார், டி டேங்கும் கேரியர் என்ற சிறு கவச வண்டியும், எக்ஸ் டிரெய்லர். 1949-இல் எல்லாம் மாறியது. இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்பது புதிய அமைப்பு. ஒவ்வொரு எழுத்து ஜோடிக்கும் 10,000 எண்கள். புதிதாக வந்த வண்டிகளுக்கு பி.ஏ. முதல் தொடங்கினார்கள். போரிலிருந்து மிஞ்சியவற்றுக்கு ஒய், இசட் எழுத்தில் தொடங்கும் ஜோடிகளைக் கொடுத்தார்கள். ஆக, 1943-இல் கட்டி 1955 வரை ஓடிய ஒரு பெட்ஃபோர்ட் லாரியின் பானட்டில் இரண்டு எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கலாம். மேலே இருப்பது கிடைத்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஒப்பந்தத்தைப் பிடித்துக் கொடுப்பது கீழே இருக்கும் எண்தான்.

தோண்டும் முறைக்கு வருவோம். முதல் கருவி உப்புத்தாள் அல்ல, டார்ச். இருட்டிய பிறகு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்க வைத்தாற்போல் பிடித்து, பானட்டின் பக்கவாட்டு, பின்பலகை, மட்கார்டு மூன்றையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பழைய இலக்கத்தின் விளிம்பு, மேலே நாலு கோட் பெயின்ட் ஏறியிருந்தாலும், முடி அளவு மேடாக நிழல் காட்டும். அப்போதே படம் எடுத்துவிட வேண்டும், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து.

அடுத்து எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ண வேண்டும். எண் இருக்கும் இடத்தில் கை வைக்காமல், அதே தகட்டின் ஓர் ஓரத்தில் நாணய அகலத்துக்கு வட்டமாகத் தேய்க்கலாம். 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்து, நடுவில் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிறகு 800, 1200 என்று ஓரத்தை மழித்துக்கொண்டே வெளியே வாருங்கள். மரத்தின் வளையங்கள் போல அடுக்குகள் விரியும். வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி எண்ணி, ஒவ்வொரு நிறத்தையும் ஈரமாக இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். காய்ந்தால் எல்லாப் பச்சையும் ஒரே பச்சைதான். எந்த அடுக்கின் மேல் எண் எழுதப்பட்டது என்பது தெரிந்த பிறகே எண் இருக்கும் இடத்துக்குப் போகலாம். அங்கே நேரே 800, பிறகு 1200. பத்துப் பதினைந்து தேய்ப்புக்கு ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை தலைகாட்டியதும் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் தெளிவாக வரட்டும் என்று மேலும் நாலு இழுப்பு இழுத்தால் இலக்கமே தண்ணீரோடு போய்விடும். 3-உம் 8-உம், 0-உம் 6-உம் அரைகுறையாகத் தெரிந்தால் ஒன்றை ஊகிக்காமல் இரண்டு வாசிப்பையும் எழுதி வையுங்கள். வண்டியில் எண் ஒரே இடத்தில் மட்டும் இருந்திருக்காது. பானட்டின் இரு பக்கமும் பின்புறமும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெயின்ட் உரிக்கும் திரவம் எல்லா அடுக்கையும் ஒரேயடியாகத் தூக்கிவிடும், அதனால் இந்த வேலைக்கு ஆகாது. மேட் பெயின்டை இளக்க அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதில் காஸ்டிக் இருக்கிறது, அது அலுமினியத்தைத் தின்னும். லேண்ட் ரோவர் உடல் தகடு அலுமினியக் கலவை. இன்னொன்று, பழைய பெயின்டில் ஈயம் உண்டு. உலரத் தேய்க்கவே கூடாது. எஃப்.எஃப்.பி.3 மாஸ்க் போட்டுக்கொண்டு, சேறான துணியைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். போர்க்கால மீட்டர்களின் இருட்டில் ஒளிரும் முகப்பில் ரேடியம் இருக்கக்கூடும், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பிரேக் லைனிங்கிலும் சைலன்சர் சுற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ். காற்றடித்து ஊதி சுத்தம் செய்யும் பழக்கம் இங்கே வேண்டாம்.

அடுக்குகளின் நிறமும் காலம் சொல்லும். போர் தொடங்கியபோது காக்கி கிரீன் 3. 1942-இல் வந்த ராணுவ ஆணை 1160-இன்படி எஸ்.சி.சி. (ராணுவ மறைப்பு நிற வரிசை) 2 என்ற பழுப்பு, மேலே கறுப்புத் திட்டுகள். ஏப்ரல் 1944-இல் ஆணை 533, எஸ்.சி.சி. 15 ஆலிவ். ஆணை வந்த மறுநாளே ஊரெல்லாம் பெயின்ட் அடித்துவிடவில்லை. பழைய வண்டிகள் பழுப்பிலேயே ஓடின, அதனால் நிறம் 'இதற்கு முன்னால் இல்லை' என்பதைத்தான் சொல்லும், 'இதற்குப் பின்னால் இல்லை' என்பதை அல்ல. போருக்குப் பிறகு பளபளக்கும் டீப் பிரோன்ஸ் (வெண்கல) கிரீன், பிரிட்டிஷ் தர அட்டையில் 224. அதன்மேல் பிற்கால நேட்டோ கிரீன், 285. ஒரு லாரியின் ஒப்பந்தம் 1944 என்று தெரிந்து, அதன்மேல் மணல் நிறமும் 7-ஆவது கவச டிவிஷனின் ஜெர்போவா எலியும் இருந்தால் யாரோ ஆசைப்பட்டு வரைந்தது என்று பொருள். வட ஆப்பிரிக்கப் போர் மே 1943-இலேயே முடிந்துவிட்டது. அதே எலி எஸ்.சி.சி. 15 மீது இருந்தால் அவசரப்பட்டுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்த டிவிஷன் 1944-இல் நார்மண்டியிலும் இருந்தது.

படைச் சின்னம் கிடைத்தால் கூடவே யூனிட்டைக் காட்டும் எண் எழுதிய வண்ணக் கட்டத்தையும் தேடுங்கள். காலாட்படை டிவிஷனில் சிவப்புக் கட்டத்தில் 55, 56, 57 முதல் பிரிகேடின் பட்டாலியன்கள். பச்சையில் 60, 61, 62 இரண்டாவது. பழுப்பில் 67, 68, 69 மூன்றாவது. 41 என்றால் ரெக்கி, அதாவது வேவு பார்க்கும் ரெஜிமென்ட். மேலே சிவப்பு கீழே நீலம் என்றால் பீரங்கிப்படை. ஆனால் சிவப்பு 55 தனியாக எதையும் நிரூபிக்காது, எல்லாக் காலாட்படை டிவிஷனிலும் ஒரு சிவப்பு 55 இருந்தது. டிவிஷன் சின்னமும் சேர்ந்து, அதுவும் ஒரே பெயின்ட் அடுக்கில் கிடைத்தால்தான் யூனிட்டின் பெயரை உச்சரிக்கலாம்.

வண்டியின் விவரம் பொறித்த சிறு தகடுகள் பொய் சொல்லும். இந்த டேட்டா பிளேட்டுகளைப் புதிதாக இப்போது தாராளமாக அச்சடிக்கிறார்கள். தகட்டின் ஓரத்துக்கு அடியில் வண்டியின் பழைய பெயின்ட் கோடு நிற்கிறதா, ரிவெட்டின் தலையில் தகட்டோடு சேர்ந்து பெயின்ட் ஏறியிருக்கிறதா, எண் கையால் அடித்ததுபோல் ஏறி இறங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட நம்பத்தக்கது சேசிஸில் அடித்த எண். சீரிஸ் லேண்ட் ரோவரில் அது முன்புற வலது ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் இருக்கும். அழுக்கை வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் மேலோட்டமான அச்சு அழிந்துபோகும், மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் எடுக்கலாம். என்ஜின் எண்ணை ஆதாரமாக எடுக்கவே வேண்டாம். பணிமனைகளில் என்ஜினை இறக்கி, தயாராக இருக்கும் வேறொன்றை ஏற்றி அனுப்புவதுதான் வழக்கம். போருக்குப் பிந்தைய ரோல்ஸ்-ராய்ஸ் பி வரிசையை அதற்காகவே வடிவமைத்தார்கள்: சாம்ப் ஜீப்பின் நான்கு சிலிண்டர் பி40, ஃபெரெட் கவச காரின் ஆறு சிலிண்டர் பி60, சாரசென் கவச வண்டியின் எட்டு சிலிண்டர் பி80, பல உதிரிகள் பொது.

மரையும் சாட்சி சொல்லும். போர்க்கால பிரிட்டிஷ் வண்டியில் பி.எஸ்.எஃப். என்ற நுண்மரை, விட்வொர்த் என்ற சொரசொர மரை, மின் இணைப்புகளில் பி.ஏ. என்ற சிறு மரை இருக்கும். ஃபெரெட், சாம்ப் போன்றவை வந்த காலத்தில் யூனிஃபைடு மரைக்கு மாறிவிட்டார்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948-இல் ஒத்துக்கொண்ட தரம் அது. மரையை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பாருங்கள்: 3/8 அங்குல பி.எஸ்.எஃப்.-க்கு அங்குலத்துக்கு 20 மரை, அதே அளவு யு.என்.எஃப்.-க்கு (யூனிஃபைடு நுண்மரை) 24. சொரசொர மரையில்தான் சிக்கல். 1/4, 5/16, 3/8 அளவுகளில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.-க்கும் (யூனிஃபைடு சொரசொர மரை) மரை எண்ணிக்கை ஒன்றே, மரையின் கோணம் மட்டும் 55 டிகிரிக்கு 60 டிகிரி. நட்டு ஏறிவிடும், ஆனால் பக்கவாட்டில் சரியாக உட்காராமல், இறுக்கினால் கடித்துக்கொள்ளும். அரை அங்குலத்தில் 12-க்கு 13 என்பதால் இரண்டு சுற்றிலேயே பிடித்து நின்றுவிடும். சில மோரிஸ் என்ஜின்கள் இன்னும் விசித்திரம், மெட்ரிக் மரையில் விட்வொர்த் தலை. அந்தத் தொழிற்சாலை முன்பு பிரெஞ்சு ஹாட்ச்கிஸ்ஸுடையது. ஆக 1942 லாரியின் ஓர் இடத்தில் மட்டும் யூனிஃபைடு போல்ட் இருந்தால் அந்தப் பாகம் பிறகு மாட்டியது. வண்டி முழுக்க அமெரிக்க மரை என்றால் அது கனடாவில் கட்டிய ஃபோர்டோ செவர்லேயோ ஆக இருக்கலாம். பிரிட்டிஷ் படை அவற்றை ஆயிரக்கணக்கில் ஓட்டியது.

ரேடியோவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எண் 19 வயர்லெஸ் செட்டின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருந்தால் போலி என்று ஒதுக்க வேண்டாம். சோவியத்துக்கும் அனுப்புவதற்காக கனடாவில் அப்படிச் செய்தார்கள், பிரிட்டிஷ் படையும் அதைப் பயன்படுத்தியது. லார்க்ஸ்பர் செட்டுகள் 1950-களில்தான் வந்தன, கிளான்ஸ்மன் 1970-களில். லேண்ட் ரோவரின் அட்டையில் ரேடியோ வகை என்று இருந்தால் 24 வோல்ட், இருக்கைகளுக்கு நடுவே பேட்டரி, கவசமிட்ட இக்னிஷன் எல்லாம் இருக்க வேண்டும். 12 வோல்ட் வண்டி என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது அந்த அட்டை இந்த வண்டியுடையதல்ல.

எண் கையில் வந்ததும் எங்கே கேட்பது? போருக்குப் பிந்தைய சேவை அட்டைகளுக்கு ராயல் லாஜிஸ்டிக் கோர் (ராணுவத்தின் வழங்கல், போக்குவரத்துப் பிரிவு) அருங்காட்சியகம். பழைய கட்டுரைகள் டீப்கட் முகவரியைத் தரும், இப்போது அது ஹாம்ப்ஷயரில் வொர்தி டவுனில் இருக்கிறது. டேங்க், கவச வண்டி என்றால் போவிங்டன் டேங்க் மியூசியம். பராமரிப்புக் கையேடுகளுக்கு லைன்ஹமில் உள்ள, ராணுவப் பழுதுபார்ப்புப் பிரிவான ரீமியின் அருங்காட்சியகம். விமானப்படை வண்டிக்கு ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம். கடிதத்தில் கதை எழுதாதீர்கள். எண், அதன் ஐயமான வாசிப்புகள், சேசிஸ் எண், தெளிவான படங்கள் போதும். திரும்பி வரும் அட்டையில் யூனிட்கள் பெயராக இல்லாமல் குறியீடாக இருக்கும், அதை அவிழ்ப்பது தனி வேலை. அட்டையில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பானட் மட்டும் வேறு வண்டியிலிருந்து வந்திருந்தால் இந்த இடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் யூனிட்களின் போர் நாட்குறிப்புகள் உண்டு: டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) வரிசை 166 உள்நாடு, 169 மத்திய கிழக்கு, 170 இத்தாலிப் பக்கம், 171 வடமேற்கு ஐரோப்பா, 172 பர்மா முனை. அவற்றில் வண்டி எண்ணைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துதான் வருவார்கள். இடம், நகர்வு, சேதம் இருக்கும். எந்த லாரி என்று எழுத யாருக்கும் நேரமில்லை. யூனிட் ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டும் அங்கே போவதில் பலன். மாறாக, இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் புகைப்படங்களில் எண்ணே தெரியும், பி வரிசை வடமேற்கு ஐரோப்பா, ஈ மத்திய கிழக்கு, எச் உள்நாடு. தணிக்கையாளர்கள் சின்னங்களை அழித்த படங்களும் அவற்றில் உண்டு, அதனால் சின்னம் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

இவ்வளவும் முடிந்து மறுபடி பெயின்ட் அடிக்கும்போது, டேஷ்போர்டுக்கு அடியிலோ ஸ்பேர் வீல் பின்னாலோ உள்ளங்கை அளவு பழைய அடுக்குகளை அப்படியே விட்டு, மேலே நிறமற்ற மெழுகு தடவி வையுங்கள். புதிய டேட்டா பிளேட் போட வேண்டி வந்தால் அதன் பின்பக்கத்தில் போட்ட ஆண்டை எண் குத்தும் கருவியால் அடித்துவிடுங்கள். திருப்பிப் பார்க்கிற அடுத்த ஆளுக்கு அது புரியும்.