காய்ச்சல் என்று எழுதியது

"காய்ச்சல்னே எழுதிக்க தாயி" என்று அந்த அக்கா சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சலிப்பா, கெஞ்சலா, என்னைக் குத்திக் காட்டியதா? எழுதியது சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் தோன்றாது.

நண்டு கம்பெனியில் இருந்தவர்களுக்கு இது புரியும். சதை எடுக்கிற அறையில் ஏசி நிற்காமல் ஓடும். தொப்பி, மாஸ்க், கையுறை, ஏப்ரன், காலில் பூட்ஸ். பாதிப் பேர் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். அந்தக் குளிரில் ஒருத்தருக்கு மட்டும் முகம் சிவந்து கழுத்தில் வேர்வை வழிந்தால் சூப்பர்வைசரான நான் என்ன நினைப்பேன்? டின்னில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகிற சதை. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கையில் வெட்டுக்காயம், எது இருந்தாலும் மேஜையில் உட்காரக் கூடாது. அதற்கென்றே தினமும் ரிஜிஸ்டர் எழுதுகிறோம். அதனால் கேட்டேன், எல்லார் முன்னாலும்தான்.

"காய்ச்சலாக்கா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?"

பக்கத்தில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஐஸ் கொண்டுவந்த பையன்கள் வேறு வாசலில் நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அதைச் சொன்னார்.

காய்ச்சல் என்று எழுதினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் சீட்டோடு வந்தால்தான் மறுபடி உள்ளே விடலாம். கிலோவுக்குத்தான் கூலி, வராத நாளுக்கு ஒன்றும் கிடையாது. இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நண்டு நீந்துகிற பின்காலின் அடியில் இருக்கும் பெரிய சதைதான் ஜம்போ. உடையாமல் முழுசாக வந்தால்தான் விலை. அதை எடுப்பதில் எங்கள் ஷெட்டில் அவர் கைக்கு மிஞ்சின கை இல்லை. அப்படிப்பட்டவர், கூலி போனால் போகட்டும், காரணம் மட்டும், மாதவிடாய் நிற்கப் போகிற வயதில் வரும் வேர்வை என்பது மட்டும், வெளியே வர வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

கிராம சுகாதார செவிலியராக இருக்கும் என் சின்னம்மா மகள், "தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே" என்றாள். கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த அறையிலிருந்து ஒருத்தரைத் தனியாகக் கூப்பிட்டால், சதை குறைந்ததா, எடையில் தகராறா என்றுதான் மற்றவர்களுக்கு ஓடும். அது இதைவிட மோசமில்லையா?

அவள்தான் விவரமாகச் சொன்னாள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டதாகக் கணக்கு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது, மேலை நாடுகளில் 51 வாக்கில். அதற்குச் சில வருஷம் முன்பே உடம்பு ஆட்டம் காட்டத் தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் ஏறி இறங்க, உடம்புச் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி சின்ன மாற்றத்துக்கே பதறி, வேர்க்க வைத்துச் சூட்டை வெளியே தள்ளும். சில நிமிஷம்தான். அது அடங்கும்போது சிலருக்குக் குளிரும். ஏசி அறையில் நனைந்த ஜாக்கெட்டோடு அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று அவள் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

தூக்கம் கெடும், மூட்டு வலிக்கும், மறதி வரும். சிலருக்கு நிற்பதற்கு முன்னால் உதிரம் அதிகமாகப் போய் ரத்தசோகை வரும். நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு பொட்டு பட்டால்கூட டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றாள். எங்கள் இடத்தில் ஒரு தடவை பாத்ரூம் போய் வர, எல்லாவற்றையும் கழற்றி, திரும்பக் கை கழுவி, பூட்ஸைக் குளோரின் தண்ணீரில் முக்கி உள்ளே வருவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். அந்தக் கால் மணிக்குக் கூலி இல்லை. "அடிக்கடி எந்திரிக்கிறாங்க" என்று மேனேஜர் குறைப்பட்டதெல்லாம் எந்த வயதுக்காரர்களைப் பற்றி என்று இப்போது யோசிக்கிறேன்.

சட்டத்தையும் பார்த்தேன். முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. இதற்கு ஒரு வரி இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், நல்ல காரியம். அந்த அக்காவுக்கும் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் சரியாக இருக்கிறதாம்.

சீட்டோடு அவர் திரும்பி வந்த அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச்சுக் கொடுத்தேன். முன்பு தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போனவர். "பாசிக்குப் போறப்ப இந்தத் தொல்லை இல்ல. கடலுக்குள்ள வேர்த்தா யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். பேக்கிங்குக்கு மாற்றித் தரவா, தினக்கூலி, இஷ்டப்படி எழுந்து போகலாம் என்றேன். சிரிப்பு போய்விட்டது. "எதுக்கு? கை நல்லாத்தான இருக்கு?"

ஜம்போ மேஜையிலிருந்து பேக்கிங் என்றால் எல்லாரும் இறக்கம் என்றுதான் சொல்வார்கள். நான் நல்லதுக்குத்தான் கேட்டேன். நல்லதுக்குக் கேட்டேன் என்று நானே எத்தனை தடவை சொல்லிக்கொள்வது?

பிறகு மேனேஜரிடம் பேசி, யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் பத்து நிமிஷம் வெளியே போய் வரலாம் என்று ஆக்கினேன். வெளிவாசலில் ஒரு பெஞ்ச், தண்ணீர். எல்லாருக்கும் பொது என்றால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. போகிறவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள், போனைப் பார்க்க. நாற்பதைத் தாண்டியவர்கள் அசைவதில்லை, கிலோ குறையுமே. நேரத்தைக் கொடுத்தேன், அந்த நேரத்துக்கான கூலியை என்னால் வாங்கித் தர முடியவில்லை. அந்த அக்கா ஒரு தடவைகூட எழுந்ததாக நான் பார்க்கவில்லை. இப்போது மாஸ்க்குக்கு உள்ளே ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்கிறார். விதிப்படி அதுவும் கூடாது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரிஜிஸ்டரில் 'மற்றவை' என்று ஒரு கட்டமும் போட்டேன். அதில் எழுதினால் வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை. அடுத்த மாதம் ஆடிட் வருகிறது. 'மற்றவை' என்றால் என்னவென்று கேட்பார்கள், பதிலை இப்பவே எழுதிக் கொடு என்கிறார் மேனேஜர். உள்ளதை எழுதினால் அந்தக் கட்டத்தில் ஒருத்தரும் பேர் கொடுக்க மாட்டார்கள். உடம்புச் சூடு என்று எழுதினால் மறுபடியும் காய்ச்சலில்தான் சேர்ப்பார்கள்.