தாளம் வீட்டில் இருக்க வேண்டும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். இங்கே பார்கின்சன் நோயாளிகள் பலர் தாமதமாகத்தான் எங்களிடம் வருகிறார்கள். நடை தளர்ந்தால் "வயசாயிருச்சு" என்று வீட்டிலேயே உட்காரவைத்துவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்த நடையில் ஓரளவை மீட்க முடியும்.

இந்த நோயில், அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறையும்போது, யோசிக்காமலே அடியெடுத்து வைக்க உதவும் உள்தாளம் தடுமாறுகிறது. வெளியிலிருந்து சீரான தாளம் காதில் விழுந்தால், கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. 1996இல் அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாவுட் குழுவினர் நோயாளிகளை 3 வாரம் இப்படி நடக்கவைத்தார்கள். நடைவேகம் 25 சதவீதமும் அடியின் நீளம் 12 சதவீதமும் கூடின.

முதலில் அவரவர் இயல்பான நடையில் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுவேன். 90 என்றால் போனில் மெட்ரோனோமை, அதாவது சீராக டிக் டிக் என்று தாளம் தரும் செயலியை, 90இல் வைப்பேன். அது பழகிய பிறகு 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம். நடுவில் கால் உறைந்துபோகிறவர்களுக்குக் கூட்டமாட்டேன்; அடி சின்னதாகி, தடுக்கி ஓடுவதுபோல் ஆகிவிடும். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில், தோட்டத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம் மாதிரிச் சமதரையில்தான் தொடங்குவோம். ஏற்றமும் படிக்கட்டும் அப்புறம்.

ஒரு தாத்தாவுக்கு அந்த டிக் டிக் சத்தம் பிடிக்கவே இல்லை. இளவயதில் காமன் கூத்துக்குத் தப்பு என்ற பறையை அடித்தவர். சரி, தப்பையே எடுங்கள் என்றேன். பேரன் உற்சாகமாகக் கூத்து அடியை அடித்தான். தாத்தாவின் கால் குழம்பிவிட்டது. ஒரே மாதிரியான ஒற்றை அடியாக, மெதுவாக அடிக்கச் சொன்னேன். குதிகால் முதலில் தரையில் பட்டது, கையும் வீசத் தொடங்கியது. அந்த வீட்டில் மெட்ரோனோம் அதன்பின் தேவைப்படவில்லை.

பயிற்சியை விட்டால் பலன் குறைந்துவிடும். அதனால் நோயாளியைவிட வீட்டாருக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். காம்பரா, அதாவது தோட்டத்து லயன் வீட்டு அறை, அதன் வாசல் குறுகலானது; கால் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். "நடங்க, நடங்க" என்று கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு மட்டும் முன்னே சாய்ந்து விழுந்துவிடுவார். இழுக்காதீர்கள். நிற்கட்டும், மூச்சு விடட்டும். உடம்பின் பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மாற்றட்டும். பக்கத்தில் நின்று "ஒன்னு, ரெண்டு" என்று சீராக எண்ணுங்கள். மூன்றாவது எண்ணுக்கு அவரே அடியெடுத்து வைக்கட்டும்.