அப்பாவுக்கு ஈரல் ஆபரேஷன்: சாப்பாட்டு நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 12
கட்டி இருந்த வலப்பக்கத்தை எடுத்துவிட்டார்கள். கல்லீரலில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் சில வாரங்களிலேயே நன்றாக வளர்ந்துவிடும் என்கிறார் சர்ஜன். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு குறைந்து டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் குறையுமாம்.

பிப்ரவரி 15
டயட்டீஷியன் வந்தார். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டுமாம். அப்பா 60 கிலோ. அப்படியென்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். இன்று அவர் சாப்பிட்டது அரை இட்லியும் கொஞ்சம் மோரும். எனக்குப் பகீரென்றது.

"ஈரல் நோய்க்குப் புரதம் ஆகாதுன்னு சொல்வாங்களே?" என்றேன். அது பழைய கணக்கு, இப்போது குறைக்கச் சொல்வதில்லை என்றார். மூன்று வேளையை ஆறாகப் பிரிக்க வேண்டும். சாப்பாட்டில் எட்டாத அளவுக்குத்தான் புரதப் பவுடர். அதுவும் அவர் எழுதிக்கொடுத்தது மட்டும்.

பிப்ரவரி 21
வீட்டுக்கு வந்துவிட்டோம். சித்தப்பா சீந்தில் சூரணமும் மஞ்சள் கேப்ஸ்யூலும் வாங்கி வந்தார். "இயற்கைதானேம்மா, என்ன செஞ்சிடப்போவுது?"

செய்யும். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டு ஈரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். சாம்பாரில் போடும் மஞ்சள்தூள் வேறு. சத்தைப் பிழிந்து, உடம்பு அதிகம் உறிஞ்ச மிளகுச்சத்தும் சேர்த்த மாத்திரை வேறு. அந்த மாத்திரையால் ஈரல் கெட்டவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். பாதி ஈரலோடு இருப்பவரிடம் இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

"டாக்டர்கிட்ட காட்டிட்டுக் குடுக்கறேன் சித்தப்பா" என்று வாங்கி வைத்தேன். அன்பாகக் கொண்டுவருபவரிடம் முகத்தைக் காட்ட மனம் வரவில்லை. ஆனால் டப்பாவை அப்பா கண்ணில் படும்படி வைக்கவில்லை.

பிப்ரவரி 24
ராத்திரி படுக்கும் முன் பாலும் இரண்டு ரஸ்க்கும். ஈரல்தான் சர்க்கரையைச் சேமித்து வைத்து இரவு முழுக்க உடம்புக்குக் கொடுக்கும். சின்னதாகிவிட்ட ஈரலில் அந்தச் சேமிப்பும் குறைவு. வெறும் வயிற்றில் வெகுநேரம் கிடந்தால் உடம்பு தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்கும். ஆபரேஷனுக்குப் பின் அப்பாவின் தொடை மெலிந்ததைப் பார்த்த எனக்கு, இந்த ஒரு டம்ளர் பால் எந்த டானிக்கையும்விடப் பெரிது.

மார்ச் 6
ரிவ்யூ. டாக்டர் இரண்டு டப்பாவும் வேண்டாம் என்றுவிட்டார். சோதனையில் விட்டமின் டி மட்டும் குறைவு. அதற்கு மட்டும் மருந்து. மல்டிவிட்டமினைத் தானாக வாங்க வேண்டாம், விட்டமின் ஏ ஈரலிலேயே தங்கும், அளவு மீறினால் அதையே கெடுக்கும் என்றார். காலையும் மாலையும் நடக்கச் சொன்னார். சாப்பிட்ட புரதம் தசையாக அதுவும் வேண்டுமாம். அப்பா மீன் குழம்பு கேட்டிருக்கிறார். நாளைக்கு நெத்திலி வாங்க வேண்டும்.