யூசிக்கு மாறப் போகும் பிசினஸ் மாணவர்களுக்கு: யூனிட்டைவிடப் பாட வரிசையைப் பாருங்கள்

கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) இரண்டு வருடம் பிசினஸ் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவில் (யூசி) சேர்ந்தேன். அதே வழியில் வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை யூனிட் (பாடங்களுக்கான கிரெடிட்) வேண்டும் என்றுதான். அந்தக் கணக்கு எளிது: யூசி ஏற்கும் பாடங்களில் 60 செமஸ்டர் யூனிட், வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை என்றால் 90. உண்மையில் காலை வாருவது, மேஜருக்காக, அதாவது முதன்மைப் பாடத்துக்காக, முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி குவார்ட்டர் முறை. அக்கவுண்டிங் மூன்று பாடமாக வரும். இடம் கிடைக்காததால் கோடையில் பக்கத்து ஊர் செமஸ்டர் கல்லூரியில் முதல் பாடத்தை எடுத்தேன். அங்கே அதே அக்கவுண்டிங் இரண்டே பாடம். அதனால் நான் படித்தது எங்கள் கல்லூரியின் எந்தப் பாடத்தோடும் சரியாகப் பொருந்தவில்லை. கடைசியில் இரண்டாவது பாடத்தையும் அங்கேயே மாலை வகுப்பில் முடிக்க வேண்டியதாயிற்று. தொடர் பாடங்களைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடித்துவிடுங்கள்.

இதையெல்லாம் அசிஸ்ட் தளத்தில் முதல் டெர்மிலேயே பார்க்கலாம். உங்கள் கல்லூரி, போக விரும்பும் யூசி வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று வரும். வளாகத்துக்கு வளாகம் மேஜரே மாறும். பெர்க்லியில் ஹாஸ் பிசினஸ் ஸ்கூல், இர்வைனிலும் ரிவர்சைடிலும் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன். லாஸ் ஏஞ்சலஸில் இளங்கலைக்கு இருப்பது பிசினஸ் எகனாமிக்ஸ். கணிதம்தான் பெரிய வேறுபாடு. பிசினஸ் மாணவர்களுக்கான எளிய கால்குலஸ் சில வளாகங்களில் செல்லாது. பல வளாகங்களுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், பொறியியல் மாணவர்கள் எடுக்கும் கால்குலஸையே எடுங்கள். கஷ்டம்தான், ஆனால் எந்தக் கதவும் மூடாது.

'டேக்' என்ற உறுதிச் சேர்க்கையை ஆறு வளாகங்கள் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. அதற்கு விண்ணப்பிப்பது செப்டம்பர் மாதம் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு வளாகத்துக்கு. சில மேஜர்களுக்குக் கிடைக்காது. பிசினஸ் உண்டா என்று அந்த வருடப் பட்டியலில் பாருங்கள்.

'கம்யூனிட்டி காலேஜா?' என்று உறவினர்கள் இழுத்துக் கேட்டபோது எனக்கும் வலித்தது. ஆனால் மாநிலவாசிகளுக்கு செமஸ்டர் யூனிட் 46 டாலர்; அப்பா கடன் வாங்காமல் இரண்டு வருடம் கழிந்தது.

விண்ணப்பத்தில் நான்கு கேள்விகளுக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்ற கேள்வி டிரான்ஸ்பர் மாணவர்களுக்குக் கட்டாயம். அத்தையின் மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதியதைப் பற்றி எழுதினேன்: கெட்டுப்போகும் காய்கறியை எப்படி நஷ்டத்தில் காட்டுவது என்று வகுப்பில் படித்ததை அங்கே செய்து பார்த்தது. நீங்களும் கையால் செய்ததையே எழுதுங்கள்.

அப்புறம், ஜனவரியில் இலையுதிர்கால மதிப்பெண்களைப் பதிவேற்ற மறக்காதீர்கள். ஏப்ரலில் இடம் கிடைத்த பிறகும் வசந்தகால வகுப்பு எதையும் யூசியிடம் சொல்லாமல் பாதியில் கைவிடாதீர்கள். கொடுத்த இடத்தை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.