பிராம்ப்டுக்குப் பட்டா கேட்டுப் போன கதை

அம்பாசமுத்திரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சி ஆச்சி ஒருத்திக்கு அப்பள பாக்கெட் லேபிள் செய்ய வேண்டியிருந்தது. மொட்டைமாடி, பாய், அப்பளம், பின்னால் பொதிகை மலை. படம் வரையும் ஏஐயிடம் இதை எழுதிக் கேட்டால், முதலில் பீட்சாவைக் காயப்போட்டது. "மெல்லிசு" என்றால் கண்ணாடித் தட்டு வந்தது. மூன்று ராத்திரி முட்டிமோதி, "வெயில் ஊடுருவும் வெளிர்மஞ்சள், ஓரம் லேசாகச் சுருண்டது" என்று எழுதியபிறகுதான் அப்பளம் அப்பளமானது.

பெருமை தாங்காமல் அந்தப் பிராம்ப்டை, அதாவது ஏஐக்கு எழுதிய வாசகத்தை, ஒரு வாட்ஸப் குழுவில் போட்டேன். பத்தாம் நாள் வேறொரு பாக்கெட்டில் அதே மாடி, அதே சுருண்ட ஓரம். அச்சு அசல் இல்லை; ஒரே பிராம்ப்டைக் கொடுத்தாலும் ஒவ்வொரு தடவையும் படம் மாறுமே!

பாளையங்கோட்டை வக்கீல் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"எதுக்குல உரிமை கேக்க? எழுதுனதுக்கா, படத்துக்கா?"

எழுத்தை இலக்கியப் படைப்பாகப் பதிய 500 ரூபாய் என்றார். ஆனால் அது வாசகத்துக்குத்தான் காவல், மொட்டைமாடியில் அப்பளம் என்ற யோசனைக்கு இல்லை. படத்துக்கு, 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் கணினி உருவாக்கிய படைப்புக்கு அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று இருக்கிறது. துள்ளினேன். "அது 1994ல சேத்த வரி. அப்போ இந்த ஏஐ ஏதுல?" என்றவர் அமெரிக்கக் கதையைச் சொன்னார். ஜேசன் ஆலன் என்பவர் 624 தடவையாவது பிராம்ப்ட் கொடுத்து ஏஐயில் ஒரு படத்தை உருவாக்கினார். 2023இல் அங்கே அதற்குப் பதிப்புரிமைப் பதிவு கிடைக்கவில்லை. 624! நான் மூன்று ராத்திரிக்கே அழுதவன்.

போதாததற்கு, சரக்கில் ஒட்டும் படமென்றால் கட்டணம் 2,000, கூடவே டிரேட்மார்க் பதிவகத்துச் சான்றிதழும் வேண்டும்.

வீம்புக்குப் பிராம்ப்டை மட்டும் 500 கட்டிப் பதியக் கொடுத்தேன். விண்ணப்பத்துக்கு டைரி எண் வந்தது. யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்கணும். உருப்படியாகச் செய்தது வேறு: ஆச்சியையே பெயரை எழுதச் சொல்லி, அந்தக் கோணல் எழுத்தை ஸ்கேன் பண்ணி, 4,500 கட்டி டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்தோம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஆச்சி லேபிளைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஏல, ஓரம் சுருண்டா வெயில் கூடிப்போச்சுன்னு அர்த்தம்லா? இதை எவன் வாங்குவான்?"

அந்த இன்னொரு பாக்கெட்டையும் காட்டினேன். ஆச்சி சிரித்த சிரிப்பில் பொக்கைவாய் முழுசும் தெரிந்தது.