ரிமாண்ட் நாளும் ஒரு நாள்தான்

விசாரணைக் கைதிகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வழக்காடும் தொண்டு அமைப்பு ஒன்றில் சனிக்கிழமைதோறும் உதவப் போனபோது எனக்குச் சட்டம் தெரியாது. "பரவாயில்லை, எண்ணத் தெரியுமா?" என்று கேட்டார் அங்கிருந்த மூத்த வழக்கறிஞர். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள்காட்டியையும் ரிமாண்ட் தாள்களின், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க நீதிமன்றம் இட்ட உத்தரவுகளின், கட்டையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

காவலில் இருப்பவர் மீது 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், ஜாமீன் அவருடைய உரிமை. மரணம், ஆயுள் அல்லது பத்தாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமென்றால் 90 நாள். இதில் நீதிபதி மனம் இரங்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மனு போடவேண்டும். அதையும் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்குள் போடவேண்டும். பிந்தினால் போயிற்று. வக்கீலைப் பார்த்தே இராத ஒருவருக்கு 61ஆம் நாள் விடிந்துவிட்டதை யார் போய்ச் சொல்வது?

ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளேயே கிடப்பவர்கள் தனிக் கூட்டம். உத்தரவு இருக்கும், ஜாமீன்தாரர் இருக்கமாட்டார். வேறு மாவட்டத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த ஒருவரின் அண்ணனிடம் தொலைபேசியில் பேசியது நினைவிருக்கிறது. "விட்டுவிடச் சொல்லியாகிவிட்டது என்கிறீர்கள், தம்பி இன்னும் ஏன் சார் உள்ளே இருக்கிறான்?" என்றார். உள்ளூரில் சொத்துள்ள இருவர் கையெழுத்திட வேண்டும் என்பதை அவருக்கு விளக்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில் இதே சங்கதிதான்: பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள், அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளினார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதால் விடுதலை தாமதமாகிறது என்று 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. நடுவே 45 ஆண்டுகள்! அந்தத் தம்பிக்காக எங்கள் வழக்கறிஞர் மோதி ராம் தீர்ப்பை இணைத்து மனு போட்டார். நிபந்தனை தளர்ந்தது, அவர் வெளியே வந்தார்.

என் கணக்குக்கு வருகிறேன். ஒரு திருட்டு வழக்கில் பையனை ரிமாண்ட் செய்த நாளை விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து எண்ணினேன். வட்டிக் கணக்கில் அப்படித்தானே எண்ணுவோம். ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்திருந்தது. அந்தத் தாள் என் மேசைமேலேயே இருந்தது, நான் படித்திருக்கவில்லை. காலையில் மனு போட்டிருக்க வேண்டிய நாளின் மாலையில் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. சாதாரண ஜாமீன் மனு போட்டு அவன் வெளியே வர மேலும் மூன்று வாரம் ஆயிற்று.

பையனின் பாட்டி என்னைத் திட்டவில்லை. தவறு என்னுடையது என்பதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. மூத்த வழக்கறிஞர்தான் சொன்னார், என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.

இப்போது நான் எண்ணிக் கொடுக்கும் ஒவ்வொரு தேதியையும் அவர் விரல்விட்டு ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார். முடிக்கும்வரை எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன்.