ஊட்டி, குன்னூரில் பழைய கார் பார்க்கிறவர்களுக்கு

ஓனரிடம் நேரடியாக வாங்குவதென்றால் காலையிலேயே போங்கள். எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தக் குளிரில் அது கிளம்பும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். அப்புறம் நல்ல ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மலையிலேயே ஓடிய வண்டியில் கிளட்ச், பிரேக் இரண்டும்தான் அதிகம் அடிவாங்கும். கால்மிதியைத் தூக்கித் துருவும் பாருங்கள், நம் ஊர் ஈரம் அப்படி.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து அந்தக் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் தரவே தராதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள்.